கோடையில் முட்டைகளைக் கெடாமற் பாதுகாத்தல்

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் சாணார்பட்டியைச் சூழ்ந்த கிராமங்களில், நாட்டுக்கோழி முட்டை குடியானவர் வீட்டுப் பெண்களுக்குச் சிறு வருமானமாகும். ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில் சேர்த்துவைத்த முட்டைகளிற் பல வீணாகின்றன. கூடையில் கலந்த சில கெட்ட முட்டைகள் முழுக் கூடையின் விலையையும் தாழ்த்திவிடும்.

இதற்குக் காரணம் இரண்டு. சேவலோடு கூடிய பேடு இடும் முட்டையிலுள்ள கரு, சுமார் 21 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட உஷ்ணத்தில், அடையில் வைக்காமலே வளரத் தொடங்கிப் பின் மடிந்து அழுகும். மேலும், ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும், கிருமிகளும் உட்புகும்.

ஆகையால், குஞ்சு தேவைப்படாத காலத்திற் சேவலைப் பிரித்து வைத்தல் நலம். சுமார் மூன்று வாரங்களுக்குப் பின் இடும் முட்டைகளிற் கரு இராது. தினமும் இருமுறை முட்டைகளைச் சேகரிக்க வேண்டும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைக்கலாம். நீரிற் கழுவி வைக்கலாகாது. ஈரமணல்மேல் வைத்த மண்பானையில் வைக்கோல் பரப்பி, கூர்நுனி கீழாக முட்டைகளை அடுக்கி, வாயை மெல்லிய துணியால் மூடினால் உஷ்ணம் தணியும். மணல் உலராதபடி காலையும் மாலையும் நீர் தெளித்தல் வேண்டும்.

இன்னும் சிறிது காலம் வைத்திருக்கச் சுண்ணாம்பு நீர் உதவும். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பில் ஒரு லிட்டர் கொதிநீரை மெல்ல ஊற்றி ஆறவிட்டு, ஐந்து லிட்டர் நீரும் 250 கிராம் உப்பும் சேர்த்துக் கலக்குக. மறுநாள் தெளிந்த நீரைத் துணியில் வடித்து, விரிசலில்லாத புது முட்டைகளை அதில் 14 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்துக. சுண்ணாம்பு நுண்துளைகளை அடைப்பதால் மூன்று, நான்கு வாரங்கள் வரை முட்டை நிற்கும். சுண்ணாம்பு பொங்கித் தெறிக்குமாதலாற் குழந்தைகளை அருகில் விடலாகாது.

அடைக்கு ஒரு வாரத்திற்குட்பட்ட முட்டைகளையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சுண்ணாம்பு நீரிலிட்டவை உதவா. விரிசல் கண்டவற்றை அன்றே நன்றாக வேகவைத்து உண்க. நீரில் மிதக்கும் முட்டை பழையது. அதை விற்றல் கூடாது. விற்பனைக்கு மிஞ்சியதை வீட்டுக் குழந்தைகளுக்கு அளித்தல் நஷ்டமன்று. அதுவே நல்ல இலாபமாகும்.

கிராம அதிகாரிகள் கோடை தொடங்குமுன் இம்முறைகளை ஒருமுறை செய்து காட்டுவாராயின், பலர் பின்பற்றுவர்.