கையில் இருப்பது 'எரர் காயினா', கைவேலை செய்த காசா? கண்டுபிடிப்பது எப்படி?

தண்டவாளத்தில் காசை வைத்துவிட்டு, ரயில் போனதும் ஓடிப்போய் எடுத்துப் பார்ப்பது பொன்மலை மாதிரி ரயில்வே ஊர்களில் பழைய விளையாட்டு. ஆபத்தான விளையாட்டும்கூட. காசு தகடாகி, அகலமாகி, எழுத்தெல்லாம் மங்கியிருக்கும். அந்த மாதிரி நசுங்கிய காசைத்தான் இப்போது போட்டோ எடுத்து, 'மின்ட் எரர், லட்சக்கணக்கில் மதிப்பு' என்று ஆன்லைனில் விற்கப் பார்க்கிறார்கள். நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

எது உண்மையான எரர்?

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசின் நாணயச் சாலைகள் உள்ளன. உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, மேலும் கீழும் உள்ள இரண்டு டைகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். 1928-லிருந்து ரயில்வே பணிமனை இயங்கும் பொன்மலையில் டை, பிரஸ் என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அழுத்தம் முடிவதற்குள் நடந்த தவறுதான் எரர். அதற்குப் பிறகு காசுக்கு என்ன ஆனாலும் அது வெறும் சேதம்தான்.

சேகரிப்பாளர்கள் 'லக்கி' என்று சொல்லும் காசை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் சாதாரணமாக இருக்கும். மறுபக்கம் அதே உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருக்கும். அடித்து முடித்த காசு வெளியே விழாமல் டையிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் அந்தக் காசே அச்சாகப் பதிவதால் இப்படி வருகிறது. இதைப் போலியாகச் செய்பவர்கள் இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் இறுக்குகிறார்கள். பள்ளம் விழுந்துவிடும். ஆனால் அதற்கு அடியில் பழைய எழுத்தின் தடம் மிச்சமிருக்கும், பின்பக்கம் நசுங்கியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்தாலே தெரிந்துவிடும்.

ஓரம் வெட்டுப்பட்ட காசு என்றால் வெட்டை விட்டுவிட்டு அதற்கு நேர் எதிர் ஓரத்தைப் பாருங்கள். வில்லையிலேயே குறை இருந்திருந்தால் எதிர் விளிம்பும் பெரும்பாலும் பலவீனமாக, மங்கலாக இருக்கும். அரம் வைத்து ராவிய காசில் எதிர் விளிம்பு ஜம்முனு இருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே உருவமா? லேத்தில் ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்தியதாக இருக்கலாம். விளிம்பை ஒட்டி உள்பக்கம் மெல்லிய கோடு தெரியும். தரையில் போட்டால் 'டிங்' என்று ஒலிக்காது, 'டப்' என்றுதான் கேட்கும்.

நிறம் மாறிய காசு

அதிகம் ஏமாறுவது இங்கேதான். தீயில் கிடந்த காசு கறுக்கும். ரசாயனம் பட்டால் சிவக்கும், மண்ணில் புதைந்தால் பச்சை பிடிக்கும். இது எதுவுமே எரர் இல்லை. முழுக்க ஒரே நிறத்தில் 10 ரூபாய் காசு கிடைத்தால் நகைக்கடைத் தராசில் வையுங்கள். சரியான எடை 7.71 கிராம். எடை ஏறத்தாழ அதுவே, வளையமும் நடுவட்டும் சேரும் கோடும் தெரிகிறது என்றால் மேலே முலாம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

காந்தமும் உதவும். 1992-ல் வந்த கனமான 5 ரூபாய் காசு 9 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 2007-ன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 5 ரூபாய் 6 கிராம், அது ஒட்டும். வேறு உலோகத்தில் அடித்துவிட்டார்கள் என்று சொல்லி விற்றால், எடையும் காந்தமும் அதற்கு ஒத்துப்போக வேண்டும்.

இன்னொரு வதந்தி: 'ஆண்டுக்குக் கீழே குறி இல்லாத காசு அபூர்வம்'. நொய்டாவுக்குப் புள்ளி, மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம். கொல்கத்தா காசில் குறியே கிடையாது. அதாவது அது கொல்கத்தாவில் அடித்த சாதாரணக் காசு.

பணம் போவது எப்படி?

காசை விற்க நினைப்பவர்தான் பல நேரங்களில் பணத்தை இழக்கிறார். 'உங்கள் காசுக்கு 5 லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்க' என்று போன் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும்கூடக் காட்டுவார்கள். பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை, அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4-ம் தேதியே எச்சரித்துவிட்டது. பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுக்கலாம்.

உண்மையான எரர் காசுக்கும் நிலையான விலைப் பட்டியல் கிடையாது. வாங்குபவரின் ஆர்வம்தான் விலை. சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய போட்டோ எடுத்து, எடையையும் குறித்து, அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் காட்டலாம். அதற்கு முன்னால் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். தேய்த்த காசுக்கு சேகரிப்பாளர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.