லயக் காம்பராவும் தொலைக்காட்சிப் பெட்டியும்

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், அட்டன், தலவாக்கலை, நுவரெலியாக் கடைத்தெருக்களில் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்பதைக் காணலாம். சுவர் நிறைய ஒளிரும் திரைகளுள் எதனைத் தெரிவது? பெரியதையா, தெளிவானதையா, மலிவானதையா? மூன்றும் ஒரே பெட்டியில் கிட்டுவது அரிது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பெற்றது. அக்கணக்கின்படி, விலையில் பத்தாயிரம் ரூபாய் கூடினால் அது மலையில் ஏழு நாள் கொழுந்து பறித்த கூலிக்கும் மேலாகும். அத்தொகைக்கு ஈடாகக் கண்ணுக்கு என்ன கிடைக்கின்றது என்று கேட்பது கஞ்சத்தனம் அன்று.

முதலில் வீட்டை அளந்து பார்ப்போம். பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. அலுமாரியும் கட்டிலும் போக, பார்ப்பவர் கண்ணுக்கும் திரைக்கும் இடையே ஆறடி முதல் எட்டடி தூரமே எஞ்சும். 32 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். அதில் 768 வரிகள் உள்ளன. ஆகவே ஒரு புள்ளியின் உயரம் அரை மில்லிமீற்றர். குறைபாடற்ற கண்ணும் ஆறடிக்கு அப்பால் இத்தகைய இரு புள்ளிகளைப் பிரித்தறிய மாட்டாது. 43 அங்குலத் திரையில் 1080 வரிகள் இருப்பினும், திரை பெரியதாதலின் அங்கும் புள்ளி அரை மில்லிமீற்றரே. எனவே அது படத்தைப் பெரிதாக்குமேயன்றிப் புள்ளியை நுண்மையாக்காது. அதே அளவில் '4கே' என்று விற்கப்படும் திரையின் நுண்மையைக் காண வேண்டுமாயின் மூன்றடி தூரத்தில் அமர வேண்டும். அவ்வாறு அமர்ந்து படம் பார்க்கும் பிள்ளையை எந்தத் தாய்தான் அதட்டாதிருப்பாள்! 'எச்.டி. ரெடி' என்றும் '4கே ஏற்கும்' என்றும் அட்டையில் கண்டு மயங்க வேண்டா. ஏற்பது வேறு, காட்டுவது வேறு. திரையில் உண்மையில் எத்தனை புள்ளிகள் என்பதையே கேட்க வேண்டும்.

திரை எத்துணை நல்லதாயினும், வந்து சேரும் அலை மோசமாயின் பயன் இல்லை. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் கோபுரம் நின்ற இடம் நுவரெலியாவின் தலைமாட்டில் உள்ள, 2524 மீற்றர் உயரமுடைய பிதுருதலாகல மலை. நாட்டின் மிக உயர்ந்த சிகரம் நம் வாசலில் இருந்தும், விளக்கடி இருட்டாகப் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் பல தெளிவான படம் காணவில்லை. இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வன. குறுக்கே ஒரு குன்று நின்றால் படத்தில் புள்ளிகள் பனிபோற் கொட்டும். எதிர்மலையில் மோதித் திரும்பிய அலையும் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு முகத்தின் அருகிலும் ஓர் ஆவிமுகம் தோன்றும். மூங்கிற் கழியில் அன்டெனாவைக் கட்டி, கூரைமேல் ஒருவரும் திரைமுன் ஒருவருமாக நின்று கூவிக்கொண்ட அந்தக் காலத்தை நாற்பது வயதைக் கடந்தோர் மறந்திரார். பின்னர் வந்த டிஷ் இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. ஆயினும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துப் பெருமழையில் அதுவும் சிறிது நேரம் கண்மூடிவிடும். அன்றியும், குறைந்த கட்டணத் தொகுப்பில் வரும் அலைவரிசைகள் பல 576 வரி அளவுள்ள பழைய படத்தையே தருகின்றன. அதனை மிகப் பெரிய திரையில் நீட்டினால் குறையும் சேர்ந்து நீளும்.

இனி, கடைக்காரர் சொல்லாத ஒரு செய்தி. திரைகளில் பெரும்பான்மை இரு வகையின. வி.ஏ. என்னும் வகையில் கருமை ஆழமாக இருக்கும். இரவுக் காட்சிகள் நன்கு தெரியும். ஆனால் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் வெளுக்கும். ஐ.பி.எஸ். வகையில் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் விளக்கணைத்த அறையில் கருமை சாம்பலாகத் தோன்றும். தனியே அமர்ந்து திரைப்படம் பார்ப்பவர் முன்னதை விரும்பட்டும். ஆறு பேர் கட்டிலிலும் பாயிலும் வாசற்படியிலும் இருந்து பார்க்கும் நம் வீடுகளுக்குப் பின்னதே ஏற்றது என்பது என் கருத்து. மிக மலிந்த சில பெட்டிகளில் வேறொரு வகைத் திரை உண்டு. அதனை அலுமாரிமேல் வைத்தால், கீழே பாயில் இருக்கும் குழந்தைகளுக்கு முகங்கள் கறுத்து உருமாறித் தெரியும். ஆகவே கடையில் நேர்முன்னே நின்று பார்த்தல் போதாது. பக்கத்தில் நகர்ந்தும், கூச்சமின்றிக் குந்தியும் பார்க்க வேண்டும்.

கடையில் ஓடும் மயிலும் மலரும் திரையை விற்பதற்கென்றே எடுக்கப்பட்டவை. அவற்றை நிறுத்தச் சொல்லிச் செய்தி அலைவரிசை ஒன்றைப் போடச் செய்க. அடியில் ஓடும் எழுத்துகள் கலங்காமல் தெரிகின்றனவா? கிரிக்கெட் பந்துக்கு வால் முளைக்கின்றதா? எழுத்துத் தெளிவு மாணவர் உள்ள வீட்டிற்கு இன்றியமையாதது. 2020 இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சி வழியே வந்தன. கரும்பலகையின் கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் ஒன்றாகத் தெரியும் திரையால் கணிதம் படிப்பது எங்ஙனம்? வீட்டிற்குக் கொணர்ந்தபின், கடை வெளிச்சத்துக்கென வைத்த கண்கூசும் நிற அமைப்பை மாற்றிச் சாதாரண நிலையில் வைத்து, கூர்மையையும் சற்றே குறைத்தால் முகங்கள் இயல்பாகும். இதற்குக் காசு செலவில்லை.

மிச்சம் பிடிக்கும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல டிஷ் கம்பிக்கும் மின்னழுத்தக் காப்புக் கருவிக்கும் ஒதுக்குதல் நன்று. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி முழங்கும்போது மின்செருகியோடு டிஷ் கம்பியையும் கழற்ற வேண்டும். அக்கம்பி வழியாகவும் மின்னற் பாய்ச்சல் நுழையும். திரை உடைந்தால் பெரும்பாலும் புதுப்பெட்டி விலையே ஆகிவிடுமாதலின், உத்தரவாதச் சீட்டில் திரை அடங்குமா, பழுது பார்ப்பது அட்டனிலா கொழும்பிலா, கொண்டு போகும் வண்டிக் கூலி யாருடையது என்பவற்றைப் பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்க.