சிறிய வலையும் நமது கரையோரமும்

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரின் முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கிளம்பிய வதந்தி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்படுவதில் முடிந்தது. அது மாத்திரையன்று, வெறும் மாவுக்கட்டியே என்பது அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் திகனை எரிந்தது. மார்ச் 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன நாடு முழுவதும் முடக்கப்பட்டன. இத்தகைய முடக்கம் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் மீண்டும் வந்தது. 2018 வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கோரியமையும் குறிப்பிடத்தக்கது.

வதந்தி வந்ததும் ஒரே வாசலால். அடைக்கப்பட்டதும் அதே வாசலே. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை, கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளின் நலனறிய அந்த ஒரு வாசலையே நம்பியிருந்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ. ஆகவே மாற்று வழிகள் உளவா என்று ஆராய்வது அவசியமாகிறது.

உள. அவற்றுள் ஒன்று 2016 இல் ஜேர்மனியரான யூஜென் ரொச்கோ தொடங்கிய மாஸ்டடன். இது ஒரு நிறுவனத்தின் சொத்தன்று. கல்முனைத் தபாலகத்தில் இட்ட கடிதம் மட்டக்களப்புத் தபாலகத்தால் விநியோகிக்கப்படுவது போல, வெவ்வேறு சேவையகங்கள் பொதுவான ஒரு நெறிமுறையால் செய்திகளைப் பரிமாறிக் கொள்கின்றன. அக்டிவிட்டிபப் எனும் அந்நெறிமுறையை உலகளாவிய வலைச் சங்கம் 2018 ஜனவரியில் அங்கீகரித்தது. ஒரு சேவையகம் மூடப்பட்டாலும் ஏனையவை இயங்கும்.

இதனைப் பயன்படுத்த விலையுயர்ந்த கைத்தொலைபேசி வேண்டியதில்லை. எழுத்துக் கட்டளைகளால் இயங்கும் டெர்மினல் திரை கொண்ட பழைய கணினியே போதும். பைதன் மொழியில் எழுதப்பட்ட 'டூட்' எனும் இலவச மென்பொருளை நிறுவி, உள்நுழைவுக் கட்டளையைக் கொடுத்தால், நாம் கணக்கு வைத்துள்ள சேவையகத்தின் முகவரியை அது கேட்கும். பின்னர் உலாவியில் அனுமதி வழங்கிக் கிடைக்கும் குறியீட்டைத் திரையில் ஒட்டினால் இணைப்பு முடிந்தது. நுழைவுச் சாவி கணினியிலுள்ள அமைப்புக் கோப்பொன்றில் மறைகுறியாக்கமின்றிச் சேமிக்கப்படும். எனவே பலர் பாவிக்கும் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறும் கட்டளையைக் கொடுக்க மறக்கலாகாது.

மற்றொன்று 2019 இல் தோன்றிய ஜெமினி நெறிமுறை. 1991 இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோபர் முறையின் எளிமையை அது பின்பற்றுகிறது. பக்கத்தோடு தாமே இறங்கும் படங்களோ விளம்பரங்களோ இல்லை. வாசகரைப் பின்தொடரும் நிரல்களும் இல்லை. எழுத்தும் இணைப்பும் மாத்திரமே என்பதால் பக்கங்கள் சில கிலோபைட்டுக்குள் அடங்கும். 'அம்ஃபோரா' போன்ற டெர்மினல் உலாவியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, முகப்புப் பக்கம், வரியின் அகலம், சாதாரண இணைய முகவரிகளை எந்த உலாவியில் திறப்பது ஆகிய மூன்றையும் எழுதி வைத்தாலே தொடங்கிவிடலாம்.

ஆயினும் தமிழருக்கு ஒரு தடையுண்டு. டெர்மினல் திரை ஒவ்வோர் எழுத்துக்கும் சமமான கட்டத்தை ஒதுக்குவது ஆங்கிலத்துக்காக வகுக்கப்பட்ட முறை. கணினி 'கொ' என்பதில் மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னால் வரவேண்டும். பல டெர்மினல்கள் இதில் தடுமாறிக் கொம்பையும் காலையும் சிதறடிக்கின்றன. 'எம்எல்டேர்ம்' போன்ற சிலவே இந்திய எழுத்துகளுக்கு ஆதரவு தருகின்றன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பக்கங்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்த காலத்தை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யுனிகோட் அதனைத் தீர்த்தது. இந்த எஞ்சிய குறையையும் தமிழறிந்த நிரலாளர்களே தீர்க்க வேண்டும்.

சிறிய வலை சர்வரோக நிவாரணியன்று. முழு இணையமும் துண்டிக்கப்பட்டால் இதுவும் நின்றுபோகும். மாஸ்டடனில் தனிச்செய்திகளைச் சேவையக நிர்வாகி வாசிக்க இயலும் என்பதால், அதனை இரகசியப் பெட்டியாகக் கருதுவது தவறு. வதந்தி இங்கும் நுழையலாம். ஆனால் இங்கு நிர்வாகி நம்மிடையே வாழும் ஒருவராக இருக்க முடியும். பொய்யை நீக்கக் கோருவதற்குத் தமிழும் சிங்களமும் அறியாத தூரதேசத்து அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜெமினி பக்கங்களை வழங்க உள்ளங்கையளவு கணினியே போதுமானது. கரையோரப் பாடசாலை ஒன்றோ பொது நூலகமோ அதனை முன்னெடுக்கலாம். பெரியநீலாவணைத் தமிழ் மாணவரும் மருதமுனை முஸ்லிம் மாணவரும் ஒன்றாக அமர்ந்து அமைக்கும் சேவையகத்தில், அடுத்த வதந்தி வரும்போது உண்மையைக் கேட்டறிய ஓரிடம் இருக்கும். 2018 இல் நமக்கு இல்லாதிருந்தது அதுவே. அதனை இன்று அமைப்பது நமது இளைஞர்களின் கைக்கெட்டிய காரியமேயாகும்.