மெம்பரேன் அடைத்தால் கிணறு தாங்குமா?

கணியூர்: அமராவதி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் இந்தப் பக்கம் உப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நெல்லும் கரும்பும் தென்னையும் ஆற்றுத் தண்ணீரில் நிற்கும். வாய்க்காலை அடைத்துவிட்டு கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் மாறும்போதுதான் தென்னை ஓலை நுனி கருகுவதும், மண் மேலே வெள்ளை பூப்பதும் கண்ணில் படும். அப்போது ஒரு கேள்வி வரும். 'ஏதோ நானோ மெம்பரேன் வந்திருக்கிறதாமே, அதைப் போட்டு உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கித் தோட்டத்துக்குப் பாய்ச்ச முடியாதா?'

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 1,000 லிட்டர் தரும் ஆர்.ஓ. இயந்திரத்தை இரவு பகலாக ஓட்டினாலும் இதற்கு எட்டு நாளுக்கு மேல் ஆகும். அது ஒரே ஒரு தண்ணீருக்கு. மின்சாரச் செலவு தனி. போதாததற்கு, உப்பு இன்னும் கெட்டியான கழிவுநீரும் கூடவே வந்துகொண்டிருக்கும். விலை உயர்ந்த பசுமைக்குடில் பயிருக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகலாம். நெல்லுக்கும் கரும்புக்கும் கட்டுப்படியாகாது.

ஆனால் இந்த மெம்பரேன் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையங்களில் அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதில்தான் கீழே இருக்கும் கிணறுகளின் கதி அடங்கியிருக்கிறது.

நொய்யல் கரை விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. அணை கேட்டுப் போராடுவதுதான் ஊர் வழக்கம். அங்கே விவசாயிகளே 'அணைத் தண்ணீரைத் திறக்காதீர்கள்' என்று கேட்க வேண்டி வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் நீதிமன்றம் போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று முடிந்தது. அதன் பிறகும் நிலைமை சரியாகாததால், 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத பட்டறைதான் இயங்கலாம் என்ற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை அப்படித்தான் இங்கே காலூன்றியது. கீழே கரூரில் அமராவதியும் சாயக்கழிவைப் பார்த்த ஆறுதான்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ கிலோ கணக்கில் கொட்டுகிறார்கள். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். நுண்ணுயிர்த் தொட்டி சாயத்தையும் அழுக்கையும் தின்னும், உப்பைத் தொடாது. உப்பைப் பிரிப்பது ஆர்.ஓ. மெம்பரேன். பெரிய பம்பு வைத்து அழுத்தினால் தண்ணீர் மட்டும் ஊடுருவி அந்தப் பக்கம் போகும். உப்பு இந்தப் பக்கமே நின்று கெட்டியாகும். அந்தக் கெட்டி நீரில் ஒரு பகுதியை மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தலாம். மீதியை ஆவியாக்கி உப்பாக எடுக்க வேண்டும். நிலையத்திலேயே அதிகம் செலவு பிடிப்பது இந்த ஆவியாக்கும் வேலைதான்.

100 லிட்டரில் மெம்பரேன் 85 லிட்டரை மீட்டால் காய்ச்ச வேண்டியது 15 லிட்டர். 90 லிட்டரை மீட்டால் 10 லிட்டர். ஐந்தே லிட்டர் வித்தியாசம்தான், ஆனால் காய்ச்சும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மெம்பரேன் அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தலைகீழாகும். காய்ச்சும் செலவு ஏறும். செலவு ஏற ஏற, ராத்திரி மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடும் ஆசையும் ஏறும். விவசாயி பயப்படுவது இந்த இடத்தில்தான், அந்தப் பயத்தில் தப்பே இல்லை.

மெம்பரேன் ஏன் அடைக்கிறது? சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒட்டாமல் உருண்டோடும். ஆனால் எண்ணெய் ஒட்டும். வடிகட்டியாகப் பயன்படும் பாலிசல்போன் போன்ற பிளாஸ்டிக்குகளின் குணமும் ஏறக்குறைய அதுதான். துணியை மென்மையாக்கப் போடும் எண்ணெய்ப் பசை, மிச்சச் சாயம், பாக்டீரியாவின் வழுவழுப்பு எல்லாம் அதில் படிந்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிருமியைக் கொல்லலாமே என்றால், ஆர்.ஓ.வில் இருக்கும் பாலியமைடு படலம் குளோரின் பட்டால் கெட்டுப்போகும். அமிலமும் காரமும் விட்டுக் கழுவுகிறார்கள். கழுவக் கழுவ ஆயுள் குறையும்.

நானோ துகள் இங்கேதான் வருகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோ மீட்டர். அந்த அளவில் சில பத்து இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, சிலிக்கா போன்ற துகள்களைப் பிளாஸ்டிக் கரைசலில் கலந்து மெம்பரேன் வார்த்தால், அதன் மேற்பரப்பு தண்ணீரை விரும்பத் தொடங்கும். தண்ணீர்ப் படலம் மேலே நிற்பதால் எண்ணெயும் அழுக்கும் எளிதில் ஒட்டாது. வெள்ளித் துகள் கலந்தால் பாக்டீரியா வளர்வது குறையும்.

ஆர்.ஓ. மெம்பரேனின் பிறப்பிலேயே ஓர் இந்தியக் கை உண்டு. 1950-களின் கடைசியில் கலிபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து, நடைமுறைக்கு உதவும் முதல் மெம்பரேனை உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். அதே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எரிக் ஹோக் குழுவினர், பாலியமைடு படலத்துக்குள் ஜியோலைட் நானோ துகள்களைப் பதித்த மெம்பரேனை 2007-ல் வெளியிட்டார்கள். உப்பைத் தடுக்கும் திறன் குறையாமல், அதே அழுத்தத்தில் கூடுதல் தண்ணீர் கடந்தது. அதை விற்கத் தொடங்கிய நானோஎச்டூஓ நிறுவனத்தை 2014-ல் எல்.ஜி. கெம் வாங்கியது. ஆக, இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டிக் கடைக்கு வந்துவிட்ட சரக்குதான்.

சிக்கலும் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகும் குணம் கொண்டவை. களிமண்ணைச் சரியாகப் பிசையாமல் பானை வனைந்தால் கட்டி இருக்கும் இடத்தில் விரிசல் விடுமே, அப்படித்தான். கட்டி இருக்கும் இடத்தில் ஓட்டை விழும், உப்பு நழுவும். அதனால் கலப்பது பெரும்பாலும் மிகச் சிறிய அளவுதான். அளவு கூடினால் பலன் குறையும். வெள்ளித் துகள் நாளடைவில் கரைந்து வெளியேறுவதும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் உள்ளங்கை அளவுத் துண்டில் வந்த பலன், சாயக்கழிவில் வருடக்கணக்கில் ஓடும்போதும் வருமா என்பதைக் களத்தில் ஓட்டித்தான் காட்ட வேண்டும்.

எவ்வளவு நல்ல நானோ மெம்பரேனும் உப்பை அழிக்காது, பிரித்து வைக்கும். அவ்வளவுதான். பக்கத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் 'என்ன மெம்பரேன் போட்டிருக்கிறீர்கள்' என்று கேட்பதைவிட, 'பிரித்த உப்பு எங்கே, மூட்டை எத்தனை, எங்கே அடுக்கியிருக்கிறது' என்று கேட்பது பலன் தரும். உள்ளே போன உப்புக்கும் வெளியே மூட்டையாக வந்த உப்புக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால், குறைந்த உப்பு எங்கோ போயிருக்கிறது.

ஊரில் குடிநீருக்கு ஓடும் சிறிய ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் இது பொருந்தும். வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று குடம் கழிவு போவது சாதாரணம். வீணாகிறதே என்று அதைத் தினமும் ஒரே தென்னங்குழியில் விட்டால், அந்த உப்பு அங்கேயே சேரும். பாத்திரம் கழுவ, தரை துடைக்கப் பயன்படுத்துங்கள்.

கிணற்று நீரை வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், ஆய்வகத்தில் கொடுத்து மின் கடத்துதிறன் பாருங்கள். 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. இடையில் இருந்தால் பயிரைப் பார்த்து, வடிகாலைப் பார்த்து முடிவு செய்யலாம். சோடியம் அளவையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். மண் இறுகுவது அதனால்தான். சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நொய்யல் வழக்கைப் போல் நாளை ஒரு முறையீடு எழுத வேண்டி வந்தால், முதலில் கேட்கப்படுவது பழைய சீட்டுதான்.