ஓசியில் படம்... பிள்ளைக்கு என்ன பாடம்?



மளிகைக் கடையில் பத்து ரூபாய் கூடுதலாகச் சில்லறை வாங்கி வந்த பிள்ளையை, "ஓடு, போய்த் திருப்பிக் கொடுத்துட்டு வா" என்று விரட்டுகிற தாய்மார்கள்தான் நம்மில் அதிகம். பரீட்சையில் பார்த்து எழுதினான் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தால் அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அதே பிள்ளை, வெள்ளிக்கிழமை காலையில் தியேட்டருக்கு வந்த படத்தை, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு டி.வி.யில் ஓட விட்டால் மட்டும், "அட, அதுக்குள்ள வந்துடுச்சா!" என்று முறுக்குத் தட்டோடு வந்து உட்காருகிற பெற்றோர் எத்தனை பேர்! இதைப் பற்றி நம் பகுதியில் எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எங்கள் தெருவில் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு நாலைந்து பெண்கள் வாசல் படியில் உட்கார்ந்து பேசுவோம். ஒருநாள் இந்தப் பேச்சை நான் எடுத்தேன். அவரவர் சொன்ன பதில்களைக் கேட்க வேண்டுமே!

"ஊர் உலகமே பார்க்குது, நாம மட்டும் யோக்கியம் பேசி என்னத்தைக் கண்டோம்?" என்றார் ஒருவர்.

"கோடிக்கணக்கில சம்பளம் வாங்குற ஹீரோவுக்கு என் இருநூறு ரூபாய் போகலைன்னா குடி முழுகிடுமா?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர் இருக்கிறாரே, அவருக்கு இதில் பெருமை. "எங்க பையன் எந்தப் படம்னாலும் பத்து நிமிஷத்துல எடுத்துடுவான். கம்ப்யூட்டர்ல புலி!" என்றார்.

நான்காமவர், "நான் கேட்கிறதில்லைம்மா. எங்கிருந்து எடுக்கிறான், எப்படி எடுக்கிறான்னு தெரிஞ்சாத்தானே தப்பு?" என்று சிரித்தார்.

நாலு பேரும் நல்லவர்கள். ஒருத்தர் வீட்டுப் பொருளுக்கு ஆசைப்படாதவர்கள். கண்ணுக்குத் தெரிகிற பொருளை எடுத்தால் திருட்டு, கண்ணுக்குத் தெரியாததை எடுத்தால் சாமர்த்தியம் என்று எப்படியோ ஒரு கணக்கு நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதுதான் எனக்குக் கவலை.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் அல்ல. வீட்டு விசேஷம் என்றால் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அப்போதே புதுப்படத்தின் திருட்டு கேசட் கைமாறும். பிறகு திருட்டு வி.சி.டி. வந்தது. நடைபாதையில் கூறு கட்டி விற்றார்கள். அதன் பிறகு திருட்டு இணையதளங்கள். ஒன்றை முடக்கினால் இன்னொரு பெயரில் முளைக்கும். இப்போது கைபேசியில் ஒரு குழுவில் சேர்ந்தால் போதும், படம் தானாக வந்து விழுகிறது. முன்பாவது திருட்டு கேசட் வாங்க ஒருவர் கடை தேடிப் போக வேண்டியிருந்தது. அங்கே போகும்போது, 'இது தப்பான இடம்' என்ற கூச்சமாவது இருந்தது. இன்று சோபாவில் படுத்தபடி பத்து வயது வாண்டு செய்கிறது. கூச்சம் எங்கே இருக்கும்?

போன பொங்கலுக்கு என் நாத்தனார் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்ததும், அவர் மகன் கைபேசியை எடுத்து, "அத்தை, புதுப்படம் இருக்கு, டி.வி.ல போடட்டுமா?" என்றான். முந்தின நாள்தான் தியேட்டருக்கு வந்த படம்.

"வேண்டாம்ப்பா, இந்த வீட்ல திருட்டுப் படம் போடுறதில்லை. வேற ஏதாவது போடு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் நாத்தனாருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "அண்ணி, நல்ல நாளும் அதுவுமா எம்புள்ளையத் திருடன்னு சொல்லிட்டீங்களே" என்று கண் கலங்கிவிட்டார். "திருடன்னு சொல்லலை, படத்தைத்தான் சொன்னேன்" என்று நான் சொன்னது எடுபடவில்லை. என் கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். என் மகன் எட்டாவது படிக்கிறான். அவனும் அன்று ராத்திரி, "எல்லார் வீட்லயும் பார்க்கிறாங்க, நம்ம வீட்ல மட்டும் ஏம்மா இப்படி?" என்று கோபித்துக்கொண்டான். நாத்தனார் சரியாகப் பேசவே இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் உர்ரென்று ஆகிவிடுகிறார்.

இவ்வளவு மனத்தாங்கல் வந்தாலும் நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், அதற்கு என் பெரியம்மா மகன் ஒரு காரணம். அண்ணன் சென்னையில் சினிமா கம்பெனிகளில் லைட்மேன். இருபது வருஷத்துக்கும் மேலாக அதே வேலை. அவரிடம் ஒருமுறை கேட்டேன்: "உங்களுக்குத்தான் ஷூட்டிங் அன்னிக்கே சம்பளம் கொடுத்துடுறாங்களே. படத்தைத் திருட்டுத்தனமா பார்த்தா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அண்ணன் சொன்னார்: "நஷ்டம் இந்தப் படத்துல இல்லைம்மா, அடுத்த படத்துல. பெரிய ஹீரோ படம் எப்படியும் நாலு நாள்ல காசு பார்த்துடும். சின்ன கம்பெனிக்காரன் வட்டிக்கு வாங்கி எடுத்திருப்பான். அவன் படம் மூணாவது நாள் போன்ல வந்துட்டா, அவன் இன்னொரு படம் எடுக்க மாட்டான். எடுத்திருந்தா எனக்கு நாப்பது நாள் வேலை. அந்த நாப்பது நாளைத்தான் திருடுறாங்க."

கோடி ரூபாய் ஹீரோவை மட்டும் பார்க்கிற நமக்கு, சினிமாவில் மேக்கப் போடுகிறவர், தையல்காரர், தச்சர், சாப்பாடு பரிமாறுகிறவர் என்று எத்தனையோ குடும்பங்கள் இருப்பது தெரிவதில்லை. தியேட்டர்கள் கல்யாண மண்டபமாக மாறியதற்குத் திருட்டுப் படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். டி.வி. ஒரு காரணம், நிலத்தின் விலை ஒரு காரணம். ஆனால் இதுவும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியுமா?

சரி, தர்ம நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீட்டுக்கே வருகிற ஆபத்தையும் பார்ப்போம். பக்கத்துத் தெருவில் நடந்தது. கல்லூரியில் படிக்கும் பையன், புதுப்படம் பார்க்க ஒரு 'ஆப்' இறக்கினால் போதும் என்று யாரோ அனுப்பியதை நம்பி, தன் அம்மாவின் போனில் ஏற்றிவிட்டான். அது கேட்ட அனுமதிக்கெல்லாம் 'சரி, சரி' என்று தட்டியிருக்கிறான். வங்கியிலிருந்து வருகிற குறுஞ்செய்தியைப் படிக்கவும் அனுமதி கொடுத்தாயிற்று. மறுநாள் காலையில் அந்த அம்மாவின் கணக்கில் இருந்த பதினெட்டாயிரம் ரூபாயைக் காணோம். மகளிர் குழுவில் கடன் வாங்கிப் போட்டு வைத்திருந்த பணம். நல்லவேளையாக யாரோ சொல்லி, உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்தார்கள். ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்த முடிந்தது, மீதி போனது போனதுதான். இணைய வழியில் பணம் பறிபோனால் கூப்பிட வேண்டிய அரசு உதவி எண் இந்த 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. சகோதரிகள் தயவுசெய்து காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள்.

பணம் போகாவிட்டாலும் வேறு தொல்லை உண்டு. இந்தத் திருட்டு இணையதளங்கள் யாருக்கும் தர்மத்துக்குப் படம் காட்டவில்லை. விளம்பரத்தில் காசு பார்க்கின்றன. அதில் எப்படிப்பட்ட விளம்பரம் என்கிறீர்கள்? பணம் கட்டி ஆடும் சூதாட்டம், பெரியவர்களே பார்க்கக் கூசும் ஆபாசம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் மத்திய அரசே தடைச் சட்டம் கொண்டு வந்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றின் வாசல் கதவு, 'கார்ட்டூன் படம் தேடுறேம்மா' என்று சொல்லும் குழந்தையின் முன்னால் திறந்து கிடக்கிறது.

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரியாது. 'டொரன்ட்' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் படத்தை இறக்கும்போதே, இறக்கிய துண்டுகளை நம் கம்ப்யூட்டர் முன்பின் தெரியாத மற்றவர்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். 'நான் பார்க்க மட்டும்தானே எடுத்தேன்' என்று பையன் நினைத்துக்கொண்டிருப்பான். உண்மையில் அவன் விநியோகமும் செய்துகொண்டிருப்பான். அதேபோல் உறவினர் குழுவில் படத்தை அனுப்புவதும் பரப்புவதுதான். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று பழமொழியே இருக்கிறதே!

சட்டம் இதில் விளையாட்டாக இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே உரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாட்டில் 2004-இலேயே வீடியோ திருட்டைக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம். படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரைகூடப் போகலாம். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவரைவிடப் பதிவு செய்பவரையும் பரப்புபவரையும்தான் போலீஸ் தேடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தியேட்டரில் விளையாட்டாகப் போனைத் தூக்கி ஒரு காட்சியைப் படம் பிடிக்கிற நம் பிள்ளைக்கு இந்தச் சட்டம் தெரியுமா? தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதியில் கண்ணுக்குப் புலப்படாத அடையாளம் இருக்கும். எந்தத் தியேட்டரில், எந்தக் காட்சியில் எடுத்தது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் தியேட்டருக்குப் போனால் டிக்கெட், வண்டி நிறுத்தம், இடைவேளையில் பிள்ளைகள் கேட்கும் பாப்கார்ன் என்று ஆயிரத்தைத் தாண்டுகிறது. கைக்குழந்தை வைத்திருப்பவர், படுக்கையில் மாமியார் இருக்கும் வீட்டுக்காரர், கடைசி பஸ்ஸை நம்பி இருப்பவர் ஆகியோருக்கெல்லாம் தியேட்டர் என்பது கனவுதான். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற பெண்ணுக்கு ஒரு படம் பார்ப்பதுதான் வெளியூர் போய் வந்த மாதிரி. அந்த ஆசையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஆசை நியாயமானது என்பதால் வழியும் நியாயமாகிவிடாது. பட்டுப் புடவை விலை கூடிப்போயிற்று என்று கடையில் சுருட்டிக்கொண்டா வருகிறோம்? ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்கிறோமே!

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். சினிமாவுக்கென்று ஒரு உண்டியல். காய்கறியில் மிச்சம் பிடித்தது, பழைய பேப்பர் போட்ட காசு எல்லாம் அதில் விழும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு தியேட்டர். எந்தப் படம் என்று பிள்ளைகள் ஓட்டுப் போடுவார்கள். மற்ற நாட்களுக்கு, ஒரே ஒரு சந்தா. எல்லாத் தளத்துக்கும் ஒரே நேரத்தில் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாம். சில போன் ரீசார்ஜ் திட்டங்களோடு சந்தா சேர்ந்தே வருகிறது. விசாரித்தால் தெரியும். மாமியாருக்குப் பிடித்த பழைய படங்களை, உரிமை உள்ள நிறுவனங்களே யூடியூபில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. தியேட்டருக்கு வந்த படம் கொஞ்ச நாளில் முறையாக வீட்டுக்கே வந்துவிடுகிறது. காத்திருக்கப் பழகினால் போதும்.

பிள்ளைகளிடம் நான் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. லைட்மேன் மாமாவின் நாற்பது நாள் வேலையைத்தான் சொல்கிறேன். என் மகன் இன்னும் முழு மனதோடு ஒத்துக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். நண்பர்கள் படக்கதை பேசும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது அந்த வயதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் உண்டியலைக் குலுக்கிப் பார்த்து, "இன்னும் எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்கிறான். எனக்கு இப்போதைக்கு அதுவே போதும்.

யாரும் பார்க்காதபோதும் அடுத்தவர் பொருளைத் தொடாமல் இருப்பதுதான் நேர்மை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க, தனியாக வகுப்பு எதுவும் வேண்டாம். கூடத்தில் இருக்கும் டி.வி. பெட்டியே போதும். சகோதரிகளே, உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நாத்தனாரைச் சமாதானப்படுத்த ஏதாவது வழி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்களேன்!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.