கடலைக் கொடுத்துச் சேர்ந்த தீவு

1948 ஜூலை 22. நியூஃபவுண்ட்லாந்தில் கனடாவோடு சேரலாம் என்று விழுந்த வாக்குகள் 78,323. வேண்டாம், நம்மை நாமே ஆள்வோம் என்று விழுந்தவை 71,334. ஏழாயிரத்துக்கும் சற்றுக் குறைவான வித்தியாசம் ஒரு தீவின் தலைவிதியை மாற்றியது.

அந்த வெற்றியின் முகம் ஜோயி ஸ்மால்வுட். பத்திரிகையாளர், தொழிற்சங்கக்காரர், பன்றிப் பண்ணையும் நடத்தியவர். 1925இல் கூலிக் குறைப்பை எதிர்த்து, தண்டவாளத்தை ஒட்டியே தீவின் குறுக்காக நடந்துபோய்ப் பராமரிப்புத் தொழிலாளர்களைச் சங்கத்தில் சேர்த்தவர். ஆனாலும் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 1937இல் தொடங்கிய ‘பேரல்மேன்’ வானொலி நிகழ்ச்சிதான். கடல் கதை, ஊர்ப் பெருமை, நேயர்கள் எழுதியனுப்பிய சம்பவங்கள் என்று குப்பத்து மக்களின் வாழ்க்கையையே அவர்களுக்குச் சொன்னார். தீவின் எதிர்காலத்தைப் பேச 1946இல் கூடிய தேசிய மாநாட்டின் பேச்சுகள் ஒலிபரப்பானபோது, அந்தக் குரல் ஊருக்கே பழகியிருந்தது. கனடா என்ற தெரிவே வாக்குச்சீட்டில் வேண்டாம் என்று மாநாடு 29க்கு 16 என முடிவெடுத்தது. அந்தத் தெரிவையும் சேர்க்கக் கேட்டுக் கையெழுத்திடுமாறு வானொலியில் வேண்டுகோள் போனது. ஏறத்தாழ 50,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அப்போது தீவை ஆண்ட லண்டன் இறங்கிவந்தது.

பேச்சு மட்டும் ஜெயிக்கவில்லை. மீனவர் வீட்டில் வசந்தத்தில் வலையும் மாவும் கடனாக வரும். பருவம் முடிந்ததும் உப்பிட்டு உலர்த்திய காட் மீன் வியாபாரியிடம் போகும். மீனுக்கு விலை வைப்பவரும் அவரே, கணக்கு எழுதுபவரும் அவரே. ரொக்கம் கண்ணில் படுவது அபூர்வம். அப்படிப்பட்ட வீட்டுக்கு, கனடாவோடு சேர்ந்தால் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 5 முதல் 8 டாலர், அதுவும் அம்மாவின் கைக்கே வரும் என்றால்? நான்கு பிள்ளை பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! அந்த வாக்கைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. சேர்ந்திராவிட்டால் பள்ளியும் மருத்துவமனையும் ஓய்வூதியமும் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பவர்களும் உண்டு.

கவலை வேறு இடத்தில். குழந்தைப் பணம் பற்றி ஓயாமல் பேசப்பட்ட அந்த மாதங்களில், மீன்வளம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி அதே சத்தத்தோடு கேட்கவில்லை. 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன் இணைப்பு நடந்தது. தலைநகர் செயின்ட் ஜான்ஸில் சில வீடுகளில் கறுப்புத் துணி தொங்கியது. கடல் மீன்பிடிப்பின் அதிகாரம் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போனது. ஸ்மால்வுட் 1972 வரை மாகாண முதல்வராக இருந்தார். அதற்குள் வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் கடலைச் சலித்தெடுத்தன. சிறு குப்பங்கள் பல காலியாகி, சில வீடுகளைக் கடலில் மிதக்கவிட்டே இழுத்துப் போனார்கள். 1992 ஜூலையில் காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

இணைப்பு, ஒப்பந்தம் என்று வாக்குக் கேட்கும் எவரிடமும் மக்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: எங்கள் பிழைப்பின் மேல் முடிவெடுக்கும் உரிமை நாளை யாரிடம் இருக்கும்? நியூஃபவுண்ட்லாந்தின் காட் தடை 2024இல் விலக்கப்பட்டது. அந்த முடிவையும் எடுத்தது ஒட்டாவாதான்.