33 பேர் அல்ல, 4 பேர்தான்! புற்றுநோய் டாக்டரின் குட்டு உடைந்த கதை

33 நோயாளிகளில் 6 பேருக்கு "தசாடினிப்" என்ற புற்றுநோய் மருந்து நல்ல பலன் கொடுத்தது என்று ஒரு டாக்டர் எழுதினார். அமெரிக்க அரசிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டுப் போட்ட விண்ணப்பம் அது. விசாரித்துப் பார்த்தால், சேர்ந்தவர்களே 4 பேர்தான். அந்த 4 பேரில் ஒருவருக்குக் கூட பலன் இல்லை!

அந்த டாக்டரின் பெயர் அனில் பொட்டி. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1995-ல் படித்து முடித்து, பிறகு அமெரிக்கா போனவர். வட கரோலினா மாநிலம் டர்ஹாம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்து வந்தார்.

2006-ம் ஆண்டில் இவருடைய பெயர் ஓகோ என்று பரவியது. மூத்த விஞ்ஞானி ஜோசப் நெவின்சுடன் சேர்ந்து எழுதிய கட்டுரைகள் பெரிய பெரிய மருத்துவப் பத்திரிகைகளில் அடுத்தடுத்து வந்ததுதான் காரணம்.

புற்றுநோய்க்கு மருந்து பல உண்டு. ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்காது. ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்ப்பார்கள். முடி கொட்டும், வாந்தி வரும், நாளும் ஓடிப் போகும். கட்டியில் உள்ள ஜீன்களைப் பார்த்தே இவருக்கு இன்ன மருந்து கேட்கும் என்று சொல்லி விடலாம் என்றன அந்தக் கட்டுரைகள். லேசான காரியமா அது?

ஒரு வரிசை கீழே

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனை டாக்டர்களும் இந்த முறையைக் கையாள ஆசைப்பட்டார்கள். முதலில் சரி பாருங்கள் என்று தங்கள் புள்ளிவிவர நிபுணர்கள் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் இருவரிடமும் சொன்னார்கள்.

கணக்கு உதைத்தது.

ஜீன் பட்டியலில் பெயர்கள் ஒரு வரிசை தள்ளிப் போயிருந்தன. கடைப் பேரேட்டில் ராமசாமியின் கடன் அடுத்த வரியில் உள்ள கந்தசாமி பேரில் ஏறி, கடைசிப் பக்கம் வரை அப்படியே போனால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

அதைவிட மோசம் இன்னொன்று. மருந்து கேட்கும் செல், கேட்காத செல் என்ற குறிப்பு சில இடங்களில் தலைகீழாக இருந்தது. அப்படியானால், கேட்காத மருந்தையே பொறுக்கி எடுத்து நோயாளிக்குக் கொடுக்க நேரிடும்!

2007-ல் இருவரும் இதை எழுதினார்கள். சின்னப் பிழைதான், முடிவு சரியே என்று டியூக் தரப்பில் பதில் வந்தது. அதே ஆண்டில் நோயாளிகளிடமே சோதனையும் ஆரம்பமாகி விட்டது. 100-க்கும் மேற்பட்டவர்கள் நம்பிச் சேர்ந்தார்கள்.

2008-ல் பொட்டியின் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மருத்துவ மாணவர் ஒருவரே, இது சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார். கட்டுரைகளில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லி விட்டு விலகினார். அவருக்கு ஒரு வருடம் வீண். அந்தச் சேதி 2015-ல்தான் வெளியே வந்தது.

2009-ல் சோதனையை நிறுத்தி, வெளி நிபுணர்களை வைத்துப் பார்த்தார்கள். ஹூஸ்டன்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்து அனுப்பிய தவறுகள் அந்த நிபுணர்கள் கைக்குப் போகவில்லை. 2010 ஜனவரியில் சோதனை மறுபடியும் தொடங்கி விட்டது.

பயோடேட்டாவில் மாட்டினார்

மூன்று வருடம் கணக்கைக் காட்டிச் சாதிக்க முடியாததை ஒரு பயோடேட்டா சாதித்தது.

ரோட்ஸ் உதவித்தொகை என்பது ஆக்ஸ்போர்டில் படிக்க, பொறுக்கி எடுத்த மாணவர்களுக்கு மட்டும் கிடைப்பது. அதைப் பெற்றவர் என்று பொட்டி விண்ணப்பங்களில் போட்டிருந்தார். அது பொய் என்று 2010 ஜூலையில் "தி கேன்சர் லெட்டர்" என்ற செய்தி இதழ் போட்டு உடைத்தது. அதன் பிறகுதான் சோதனை அடியோடு நின்றது. நவம்பரில் பொட்டி ராஜினாமா செய்தார். 10-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வாபஸ் ஆயின.

நோயாளிகளும், இறந்தவர்களின் குடும்பத்தாரும் வழக்குப் போட்டார்கள். 2015-ல் டியூக் சமரசம் செய்து கொண்டது. கொடுத்த தொகை ரகசியம்.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நேர்மை அலுவலகம், பொட்டி பொய் விவரங்களைச் சேர்த்தார் என்று முடிவு அறிவித்தது. அந்த 33 பேர் கணக்கும் அதில் ஒன்று. பொட்டி அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

தண்டனை? அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்வதானால் 5 ஆண்டுக்கு இன்னொருவர் மேற்பார்வை வேண்டும். அவ்வளவுதான்.